வெள்ளி மீன் டை

14 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்கா வெர்னாவுக்கு,

முதலில் என்னைத் திட்டித் தீர்த்துவிடு, அப்புறம் படி. பிப்ரவரியில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவள் ஏழு மாதம் கழித்து எழுதுகிறாளே என்று கோபமாக இருப்பாய். உயிரோடு இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்து, கிழிசல் தைக்கும் வேலை. ஊர் பெயரைக் கேட்காதே. இதை லான்சிங்கில் பெண்கள் விடுதி நடத்தும் மிஸ் ஓடமுக்கு அனுப்புகிறேன். அவர் வேறு உறையில் போட்டு உனக்கு அனுப்புவார். நீயும் அவருக்கே எழுது, ஒரு வாரத்தில் எனக்கு வந்துவிடும். போன் மட்டும் கூடவே கூடாது. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கிற ரஸலுக்கு, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பது பெரிய காரியமா?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாலு வருடம் முன்னால் ஒரு தடவை சொன்னேனே. தையல் மெஷின் மூடியை என் இடது கைமேல் அவன் அறைந்து சாத்தி இரண்டு விரல் ஒடிந்த அன்று, உன் வாசலுக்குத்தான் வந்தேன். நீ காபி போட்டுக் கொடுத்தாய். பிறகு, "எல்லா வீட்லயும் நடக்கிறதுதான் கார்லீன். போ, அவன் தேடிக்கிட்டிருப்பான்" என்று காரில் ஏற்றி அவனிடமே கொண்டுபோய் விட்டாய். குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது, சிரிக்காமல் கேள். இங்கே வியாழக்கிழமை மத்தியானங்களில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒன்பது பெண்கள் கூடிப் பொம்மைகளுக்கு உடை தைக்கிறோம். குழந்தைப் பொம்மை இல்லை. பதினோரு அங்குல உயரம், ஒட்டிய இடுப்பு, குதிகால் செருப்பு, அம்மா நமக்கு வாங்கித் தராத அந்தச் சீமாட்டிப் பொம்மை. கண்காட்சியில் என் கவுனுக்கு முதல் பரிசு! துணி என்ன தெரியுமா? எங்கள் கல்யாணத்தன்று ரஸல் கட்டியிருந்த டை. கருஞ்சிவப்புப் பட்டில் கடுகளவு வெள்ளி மீன்கள், அவன் அப்பா ஆர்டர் கொடுத்து நெய்ய வைத்தாரே, அதேதான். திருடவில்லை அக்கா. ஓரம் நைந்துவிட்டது, தைத்துவை என்று ஏழு டையை என் தையல் கூடையில் போட்டிருந்தான். கிளம்பும்போது நான் தூக்கிக்கொண்டது அந்தக் கூடையைத்தான். மாற்று உடுப்புகூட எடுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பொம்மை கவுனுக்கு டையைப் போலத் துணி கிடையாது. பூவெல்லாம் பொடிப்பொடியாக இருக்கும், குறுக்குவாட்டில் வெட்டியிருப்பதால் உடம்போடு இழைந்து விழும்.

அக்டோபர் இதழில் கலரில் படம் வருகிறது, நான் அங்கே இருந்தபோது தபாலில் வரவழைத்துப் படித்த அதே பொம்மைப் பத்திரிகையில். இப்போது என் பெயர் ரூத் ஹேலி. பெயரைப் பார்த்து யாருக்கும் தெரியாது. பயமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்து எத்தனை நாளாயிற்று!

உன் தங்கை,
கார்லீன்

27 செப்டம்பர் 1987

அடியே கார்லீன்,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். நாற்பத்தொரு வயதில் பொம்மைக்குப் பாவாடை தைக்கிறாளாம், அதற்குப் பரிசு வேறாம். ஏழு மாதமாக ஆற்றில் ஏதாவது பிணம் ஒதுங்கியதா என்று பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள் நான். உனக்குக் கவுன்! உன் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சமையலறையில் வைத்துப் படித்தேன். முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி வேகிறது, நான் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். மக்ரோனிக்கு ஏது வெங்காயம்.

காபி போட்டுக் கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

ரஸல் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கூரைத் தகரத்தைச் சரிசெய்தான். ஜன்னல் கொக்கியை மாற்றினான். "பேச்சுத்துணை இல்லாம கஷ்டமா இருக்குமே வெர்னா, நான் அடிக்கடி வர்றேன்" என்கிறான். அவனுக்கு எதிரில் உட்கார்ந்து கேக் தின்கிறேன். என் முகம் உனக்குத் தெரியுமே, சின்ன வயதில் சீட்டாட்டத்தில்கூட என்னால் பொய் சொல்ல முடிந்ததில்லை. உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அவன் அந்த அலமாரிப் பக்கம் திரும்பினாலே எழுந்து குறுக்கே போய் நிற்கிறேன்.

அந்த டையையா தைத்துத் தொலைத்தாய்? வேறு துணியே கிடைக்கவில்லையா உனக்கு?

வெர்னா

8 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு நேற்றுதான் வந்து சேர்ந்தது. நாலு தடவை படித்தேன். மாவு டப்பா வேண்டாம், படித்ததும் எரித்துவிடு.

இன்று எங்கள் தலைவி பெர்னிஸுக்குத் தலைகால் புரியவில்லை. எழுபது வயது, கணவர் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், இப்போது பண்ணைக்குப் பதிலாக எங்களை மேய்க்கிறாள். பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கனவான் கடிதம் எழுதியிருக்கிறாராம். திரு. பால் என்று பெயர். மனைவி படுத்த படுக்கையாம், அந்த மீன் கவுன் என்றால் உயிராம். "இதைத் தைத்த கைகளை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். பெர்னிஸ் எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எண்பத்துமூன்று வயது ஓப்பல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மாசம் இருபத்திரண்டு, வியாழக்கிழமை வரச் சொல்லி எழுதிட்டேன்டி ரூத்! தைச்சவ அன்னைக்கு இங்கயே இருப்பான்னும் எழுதிட்டேன். நல்லதா ஒரு பாவாடை போட்டுக்கிட்டு வா" என்றாள்.

மனைவிக்காக ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வருகிறான். அப்படியும் புருஷர்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது. என் கவுனை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கார்லீன்

11 அக்டோபர் 1987, ஞாயிறு

கார்லீன்,

இதை மிஸ் ஓடம் வழியாக அனுப்பவில்லை. ஒரு வாரம் காத்திருக்க நேரமில்லை. நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று இன்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்க் ரிட்ஜ், விஸ்கான்சின். அவன் வாயால் தெரிந்துகொண்டேன்.

உன் பத்திரிகைக்கு இரண்டு வருடச் சந்தா கட்டியிருந்தாயே, நினைவிருக்கிறதா? அது இன்னும் அந்த வீட்டுக்குத்தான் போகிறது. அவன் ஒவ்வொரு மாதமும் பிரித்துப் பார்த்திருக்கிறான்.

இன்று கேக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, படத்தை மேசையில் விரித்தான். "வெர்னா, இந்த மீனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்றான். ரொம்பத் தன்மையாகக் கேட்டான். நான் தெரியாது என்றேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா இந்த ஒரு டைக்குத்தான் நெய்ய வச்சார். உலகத்துல வேற கிடையாது. எல்க் ரிட்ஜ், விஸ்கான்சின்ல ரூத் ஹேலின்னு ஒரு பொம்பளை இதை வச்சிருக்கான்னு படத்துக்குக் கீழ போட்டிருக்கு. அவளைப் பார்த்தா, கார்லீனை எங்க பார்த்தான்னு சொல்லுவா இல்ல?" என்றான். பிறகு சிரித்தான். "இல்ல, அவளேதானோ என்னமோ." நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். குழாயைத் திறக்காமலே கழுவிக்கொண்டிருந்தேன் என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது. என் முகம் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது கார்லீன்.

அங்கே வரப்போகிறான். என்றைக்கு என்று சொல்லவில்லை. நாளை விடுமுறை, தபால் போகாது. இங்கே போட்டால் அவன் காதுக்குப் போய்விடும், செவ்வாய்க்கிழமை காலை சாகினாவுக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து போடுகிறேன். உன் தெருவும் தெரியாது, எண்ணும் தெரியாது. பெயரும் ஊரும் மட்டும் எழுதுகிறேன். சின்ன ஊர்தானே, கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.

ஓடிவிடு. இனி எனக்குப் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது, வீட்டுக்கு வேண்டாம்.

வெர்னா

17 அக்டோபர் 1987

அக்கா,

இன்று காலை தபால்காரர் வேலை பார்க்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். துவைக்கும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் போன வாரம் எழுதியது உனக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ. திரு. பால் என்று ஒருவரும் இல்லை. வியாழக்கிழமை வரப்போவது ரஸல். தைத்தவள் இருப்பாள் என்று அவனுக்கு எழுதியே கொடுத்தாகிவிட்டது.

முதலில் பையைத்தான் எடுத்தேன். பஸ் நிலையம் வரை போய்விட்டேன். டிக்கெட் கொடுக்கிறவர் "எங்கம்மா போகணும்?" என்றார். எனக்கு ஊர் பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு நாள் இப்படி ஒரு கடிதம் வரும் என்று தோன்றியது. அங்கிருந்து நேரே பெர்னிஸ் வீட்டுக்குப் போனேன். எட்டு மாதத்தில் ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். மடங்காத என் இரண்டு விரலையும் காட்டினேன். தைக்கும்போது பார்த்திருக்கிறாள், வாதம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

பெர்னிஸ் என் விரல்களைத் தன் கையில் எடுத்துப் பார்த்தாள். "நானே கூப்பிட்டு விட்டிருக்கேனே, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஷெரீஃப் ஆபீஸுக்குப் போன் செய்தாள். "பொம்மை பார்க்க ஒரு ஆள் வர்றது குத்தமாம்மா? ஏதாவது நடந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நடந்த பிறகு யார் கூப்பிடுவது? வராதே என்று எழுதினால் அவனுக்குச் சந்தேகம் உறுதியாகிவிடும். தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு வருவான்.

கடைசியில் பெர்னிஸ் சொன்னாள்: "வரட்டும். அந்த ஒரு கவுன்தான அவனுக்கு அடையாளம்? அது இருந்தாத்தான?"

மத்தியானமே எல்லாரையும் கூட்டிவிட்டாள். பரிசு வாங்கின கவுனை நானே பிரித்தேன். ஒரு அங்குலத்துக்கு இருபது தையல் போட்டது, பிரிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அழுதேன், என்ன செய்ய. மீன் துணியை ஒன்பது பங்காக வெட்டினோம். மற்ற ஆறு டையையும் வெட்டியாகிவிட்டது. வியாழனுக்குள் ஒன்பது பேரும் ஒன்பது பொம்மைக்குத் தைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மீன் இருக்கும். ஒன்றில் கச்சை, ஒன்றில் தொப்பி, ஒன்றில் கழுத்துப்பட்டி. துண்டுத்துணியைத் தபாலில் மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். முன்பின் பார்க்காதவர்களுக்கெல்லாம் ஒரு உறை நிறைய அனுப்புவோம், அவர்களும் அனுப்புவார்கள். இந்தத் துணி அப்படி ஆரிகனிலிருந்து வந்தது என்று சொல்லப்போகிறார்கள். ஏன் ஆரிகன் என்று கேட்டேன். "ரொம்ப தூரம், அதான்" என்றாள் பெர்னிஸ்.

அக்கா, எனக்கு நம்பிக்கை இல்லை. பயமாக இருக்கிறது. வியாழனுக்குப் பிறகு என்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்றால் அவனை வீட்டுக்குள் விடாதே.

கார்லீன்

22 அக்டோபர் 1987, வியாழன்

அக்கா,

வந்தான். போய்விட்டான்.

இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. அவன் ஒன்றரைக்கே வந்துவிட்டான். நான் என் பொம்மையின் கோட்டுக்கு ஓரம் தைத்து அப்போதுதான் முடித்திருந்தேன், அளவுக்குப் போட்ட சாக்பீஸ் தூளைக்கூடத் தட்டவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நடை தெரியாதா? பெர்னிஸ் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலின் மரப்பலகையை இறக்கிவிட்டு அதன் அடியில் குந்தினேன். ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் இரும்புத் தொப்பி கழன்று விழப் பார்த்தது. அதை வாயில் போட்டுக்கொண்டேன். பலகையில் ஒரு விரற்கடை சந்து, அதில் மேசை தெரிந்தது.

"என் மனைவி இந்தக் கவுனை நெனச்சுக்கிட்டே படுத்திருக்காங்க" என்றான். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

"அடடா, அதைப் பிரிச்சாச்சே! ஆளுக்குக் கொஞ்சம்னு பங்கு போட்டுக்கிட்டோம்" என்றாள் பெர்னிஸ்.

"பரிசு வாங்கினதையா?"

"பரிசு வாங்கினப்புறம் அதை வச்சு என்ன பண்றது, பூஜையா?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "ரூத் ஹேலி யாரு?" என்றான்.

"நான்தாம்ப்பா" என்றாள் ஓப்பல். காதுக் கருவியைத் திருகிக்கொண்டே, "சத்தமாப் பேசு, என்ன வேணும்?" என்று அதட்டினாள்.

துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டான். பெர்னிஸ் ஆரிகன் கதையைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னாளோ, "மாதிரிக்குன்னு அந்தப் பொண்ணு தன் கையால ஒண்ணு தைச்சும் அனுப்பிச்சிருந்தா. இந்த ஒன்பதுல ஒண்ணுதான். எதுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்று சேர்த்துவிட்டாள். எங்கள் பேச்சில் இல்லாத வரி அது. எனக்கு உயிர் போய்விட்டது. அவன் என் கோட்டை எடுத்தால், தட்டாத சாக்பீஸ் தூள் அவன் விரலில் ஒட்டும். இப்போதுதான் தைத்தது, தைத்தவள் இங்கேதான் இருக்கிறாள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

மேசையைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு பொம்மையாகத் தூக்கிப் பார்த்தான். மற்ற எட்டுப் பேரும் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தார்கள். என் பொம்மை முன்னால் வந்து நின்றான். பதின்மூன்று வருடம் அவன் சட்டைக்கு நான் போட்ட அதே தையல், அதே மடிப்பு, எல்லாம் அவன் கண்ணுக்கு எதிரில். எடுப்பதற்குக் கை நீட்டினான். பிறகு திரும்பி நேரே என் பக்கம் வந்து, பலகையைத் தட்டினான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவன் முழங்கால் எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. இரும்புத் தொப்பி என் பல்லில் உரசியது. கத்தரிக்கோலைப் பிடித்திருந்தேன். அதை வைத்து என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது அக்கா, நினைக்கவும் பயமாக இருக்கிறது.

"அது பூட்டிக் கிடக்கு, சாவி பாஸ்டர்கிட்ட. இந்தா, காபி குடி" என்று ஓப்பல் தன் கோப்பையை அவன் கையில் திணித்தாள்.

குடித்தான். மறுபடி மேசைக்குப் போனான். என் கோட்டைத் தாண்டிப் போய் ஓப்பலின் பொம்மையை எடுத்தான். ஓப்பலுக்கு இரண்டு கண்ணிலும் புரை, கையும் நடுங்கும். "இதுதான்" என்றான். "இதுதான் அவ கை. பார்த்ததுமே தெரியுது."

பெர்னிஸ் கையைத் தட்டினாள். "அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க! எங்களுக்கே தெரியல. எடுத்துட்டுப் போங்க, உங்க மனைவிக்குக் குடுங்க."

அவன் கார் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தார்கள். பெர்னிஸும் இன்னொருத்தியும் பிடித்துத் தூக்கினார்கள். "எங்கயும் போகாத, இங்கயே இரு" என்கிறார்கள். இருக்கலாமா அக்கா? அவன் ஆரிகன் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தால்? பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோன பை இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது. நீ சொல்.

கார்லீன்

1 நவம்பர் 1987, ஞாயிறு

என் கார்லீன்,

இரு. எங்கும் போகாதே. அந்தப் பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் வை. நாலு வருடம் முன்னால் உன்னைப் போ என்று சொன்னேன். அந்தக் காபிக்குப் பதில் வந்ததும் எழுதுகிறேன் என்றேனே, இதுதான் பதில். தப்பு செய்தேன். உன் விரலைப் பார்த்த பிறகும் செய்தேன். மன்னிப்பது உன் இஷ்டம்.

போன ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த மூன்று நாள் நான் எப்படிச் சமைத்தேன் என்று கேட்காதே, பிள்ளைகள் உப்பில்லாமல் தின்றார்கள். புதன்கிழமை உன் கடிதம் வந்தது. சமையலறைக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

இன்று வந்தான். கேக் வெட்டினேன். கோட்டுப் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேசையில் உட்கார வைத்தான். கருஞ்சிவப்பில் கச்சை, மீன் போட்ட கச்சை. "கார்லீன் ஆரிகன்ல இருக்கா, வெர்னா. லீவு போட்டிருக்கேன், நாளைக்குக் கிளம்பறேன். ஊர் ஊராப் போய் இந்தப் பொம்மைக் கூட்டத்தையெல்லாம் கேக்கப் போறேன்" என்றான். பிறகு பொம்மையை என் பக்கம் நகர்த்தினான். "பாருங்க. அவ கைதான? நீங்க சொன்னா எனக்குச் சந்தேகமே இல்ல."

பாவாடையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் அரை அங்குலம். நூல் முடிச்சு அவரை விதை அளவு. ஓரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. ஐந்து வயதில் நீ இப்படித் தைத்திருந்தால் அம்மா பிரித்துப்போட்டு மறுபடி தைக்கச் சொல்லியிருப்பாள். பதின்மூன்று வருடம் நீ மடித்துத் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தவன், இன்றும் அதைத்தான் போட்டிருந்தான், கால்மேல் கால் போட்டபோது பார்த்தேன். டை அவனுடையது, அது அவனுக்குத் தெரிந்தது. அந்த விரலை ஒடித்தவனுக்கு அந்தக் கை தெரியவில்லை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் பார்த்தானே, அதே மாதிரி. ஆனால் எழுந்து பாத்திரம் கழுவப் போகவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன்.

"ஆமா ரஸல். அவ கைதான்" என்றேன்.

உன் அக்கா,
வெர்னா